பூஜையறையில் வைத்த மாத்திரை

என் அக்கா நீரஜாவுக்குக் கோபமே வராது. அவளுக்கும் சேர்த்து எனக்கு வரும். அதனால் அவளைப் பற்றி நான் எழுதினால் காரம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபத்தெட்டில் அவள் சமூகப் பணிப் படிப்பை முடித்துவிட்டு மயிலாப்பூரிலேயே டாக்டர் வேதாந்தத்தின் மனநோய் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தாள். தெருவில் யாரும் அதை மனநோய் கிளினிக் என்று சொல்ல மாட்டார்கள். "உங்காத்துப் பொண்ணு பைத்தியக்கார டாக்டர்கிட்டயா வேலை பாக்கறா?" என்று கேட்பார்கள். அப்பா ஸ்ரீரங்கன் ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார். "ஆமாம், நீங்க எப்ப வரேள்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு வந்துவிடுவார்.

டாக்டர் மாத்திரை எழுதுவார். அதை நோயாளி விழுங்குவதற்கு வழி பார்ப்பது அக்காவின் பாடு. வேதாந்தம் சீமையில் படித்தவர், சாமி பேய் என்று யாராவது ஆரம்பித்தால் பேனாவை மூடிவிடுவார். அக்கா அப்படியில்லை. ராயப்பேட்டை ஜமீலுன்னிசா பீபி ரம்ஜான் மாசம் பிறந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவார் என்று தெரிந்ததும், அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து, எத்தனை மணிக்கு நோன்பு பிடிப்பீர்கள், எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று கேட்டு, டாக்டரிடம் சண்டை போட்டு, வேளையை மாற்றி வாங்கிக் கொடுத்தாள். முப்பது நோன்பும் பிடித்தார், ஒரு வேளை மருந்தும் தப்பவில்லை. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பாள் அக்கா.  

எழுபத்தொன்று கடைசியில் தி. நகரிலிருந்து பொன்ராஜ் என்பவர் தன் மனைவியைக் கூட்டிவந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள், உஸ்மான் ரோடு அருகில் ஜவுளிக்கடை. மனைவி பெயர் தங்கபுஷ்பம், இருபத்திரண்டு வயசு. சீதா என்ற பெண் குழந்தை பிறந்து ஐந்து மாசம். பிறந்ததிலிருந்தே தங்கபுஷ்பத்துக்குத் தூக்கம் போய்விட்டது. அவர்களுடைய குலதெய்வம் இசக்கியம்மன் தன் காதில் பேசுகிறாள் என்றாள். வெள்ளிக்கிழமைகளில் ஆடினாள். முதலில் அக்கம்பக்கத்தார் வந்து குறிகூடக் கேட்டார்கள். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் வேறொன்று கேட்டாள்.

"பிள்ளையக் கேக்கா," என்றாளாம் தங்கபுஷ்பம், சாதாரணமாக, காப்பிப்பொடி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி.

அன்றைக்கே மாமியார் பங்கஜம் சொல்லிவிட்டார். "இன்னும் ஒரு தடவ இந்தப் பேச்சு வந்துச்சுன்னா பிள்ளைய உடன்குடியில எம் மவகிட்ட விட்டுருவேன். இவ அவ அப்பன் வீட்டுக்குப் போட்டும்." தங்கபுஷ்பம் தெளிவாக இருந்த ஒரு நேரத்தில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அக்கா, எம் பிள்ளைய எங்கிட்ட இருந்து எடுத்துராம பாத்துக்கிடுங்க." அக்கா சரி என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் எல்லாம்.

ஆனால் மாத்திரையைக் கண்டால் தங்கபுஷ்பம் துப்பினாள். அம்மனை விரட்டுகிற மருந்து, தின்றால் அம்மன் கோபிப்பாள் என்றாள். பங்கஜத்துக்கும் உள்ளூர அதே பயம். அக்கா மறுக்கவில்லை. "அம்மாகிட்டயே உத்தரவு கேட்டுடலாமே," என்றாள். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியே பொட்டலம் கட்டி, இசக்கியம்மன் படத்தின் முன்னால் போட்டு, பக்கத்து வீட்டுக் குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது. உத்தரவு கிடைத்தது.

அன்றிலிருந்து மாத்திரைப் பொட்டலம் பூஜையறையில் அம்மன் படத்தின் கீழே இருந்தது. காலையும் மாலையும் பங்கஜம் விளக்கேற்றி, திருநீறு பூசிவிட்டு, மருமகள் வாயில் மாத்திரையைப் போடுவார். அது மருந்தில்லை, பிரசாதம். தங்கபுஷ்பம் கைகூப்பி விழுங்கினாள்.

ஒரே மாசத்தில் தூங்கினாள். இரண்டாம் மாசம் சமைத்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கே போய்ச் சேலை மடித்துக் கொடுத்தாள். வேதாந்தம் முதலில் "என்னம்மா, பூசாரி ஆயிட்டியா?" என்று கேலி பேசினார். அப்புறம் தன் சிநேகிதர்களிடமெல்லாம் பெருமையடித்தார். அக்காவும் சந்தோஷப்பட்டாள், ஏன் படக்கூடாது?

ஆனால் பொன்ராஜ் ஒவ்வொரு மாசமும் வந்தபோது ஒன்று சொன்னார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கா. மாசத்துல ஒரு நாலஞ்சு நாளு மட்டும் ஒரு மாதிரி முறைக்கா." அக்கா அதை நோட்டில் எழுதினாள். மூன்று மாசமும் எழுதினாள். அந்த நாலஞ்சு நாள் எந்த நாள் என்று கேட்கவில்லை.

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் ஆத்தில் நாங்கள் இருவரும் மாசம் மூன்று நாள் பின்கட்டில் தனித் தட்டு, தனி டம்ளரோடு உட்கார்கிறவர்கள். வேலைக்குப் போகும் அக்காவுக்கும் அதில் விலக்கில்லை. சாயங்காலம் திரும்பியதும் கொல்லை வழியாக வந்து பாயில் உட்காருவாள். ஜமீலுன்னிசாவிடம் உங்கள் வழக்கம் என்ன என்று துருவித் துருவிக் கேட்டவள், தங்கபுஷ்பத்திடம் கேட்கவில்லை. தெரியாததைத்தான் மனுஷர்கள் கேட்கிறார்கள். தெரிந்தது கண்ணில் படுவதில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்!

எழுபத்திரண்டு மே மாசம், ஒரு திங்கட்கிழமை. பொன்ராஜ் கிளினிக்குக்கு வரவில்லை. மறுநாள் கடைப் பையன் ஒருவன், அவர் ஊரிலிருந்து தபாலில் அனுப்பிய ஒரு சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். அதோடு வீட்டுக்கு வந்த அக்கா, பின்கட்டில் பாயில் உட்கார்ந்தபடி அதை எனக்குப் படித்துக் காட்டினாள். போன திங்கட்கிழமை ஊரில் சித்தப்பா தவறிவிட்டார், துட்டிக்கு வந்திருக்கிறேன், பதினாறாம் நாள் காரியம் முடிந்துதான் வருவேன், வீட்டில் எல்லாரும் சுகம் என்று எழுதியிருந்தார்.

நான் எட்ட நின்று காப்பியைத் தரையில் வைத்தேன். "பங்காளித் தீட்டுன்னா பதினாறு நாளும் அவாத்துல சாமி விளக்கே ஏத்த மாட்டாளே," என்றேன், சும்மா பேச்சுக்கு.

அக்கா காப்பியைத் தொடவில்லை. "ஜானு, அப்போ அவர் சித்தப்பா செத்துப்போய் எத்தனை நாளாச்சு?"

"எட்டு நாள் இருக்கும். ஏண்டி?"

"பூஜையறையை மூடியிருப்பா," என்றாள். "எட்டு நாளா மூடியிருப்பா."

அப்படியே எழுந்து, கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். நான் செருப்பில்லாமல் பின்னால் ஓடினேன். குளத்தருகே ஆட்டோ கிடைத்தது. வழி முழுக்க அவள் சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டே வந்தாள். அக்காவை அப்படி நான் பார்த்ததில்லை, பயமாக இருந்தது.

தெரு முனையிலேயே கூட்டம். பங்கஜம் தலையில் அடித்துக்கொண்டு வாசலில் கிடந்தார். மத்தியானத்திலிருந்து குழந்தையைக் காணோம். கிணற்றில் பாதாளக்கரண்டி விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள். கடை ஆட்கள் கோயில் கோயிலாகத் தேடப் போயிருந்தார்கள்.

தங்கபுஷ்பம் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலையைப் படிய வாரிப் பின்னி, நெற்றியில் பெரிய குங்குமம். முகத்தில் ஒரு கவலையும் இல்லை. அதுதான் என்னைக் கதிகலங்க வைத்தது.

அக்கா அவள் எதிரில் உட்கார்ந்தாள். "தங்கம், சீதா எங்கம்மா?"

"அம்மன் எடுத்துக்கிட்டா. கேட்டா, குடுத்துட்டேன்."

பங்கஜம் வாசலிலிருந்து அலறினார். அக்கா திரும்பவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "அம்மா இப்போ எங்க இருக்கா?"

தங்கபுஷ்பம் இதென்ன கேள்வி என்பது போல அக்காவைப் பார்த்தாள். "எங்க இருப்பா? அவ வீட்டுலதான்." மோவாயால் மூடிய பூஜையறையைக் காட்டினாள்.

கிணறு, குளம், கோயில், பஸ் ஸ்டாண்டு என்று எங்கெங்கோ தேடியவர்கள் அந்த ஒரு கதவைத் தொடவில்லை. தீட்டு வீட்டில் பூஜையறையை யார் திறப்பார்கள்? பங்கஜம் ஓடிவந்து கதவை மறித்தார். "வேண்டாம்மா, துட்டி வீடு, திறக்கப்படாது!" அக்கா அவரைத் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தாள். தூரமானவள் என்பதை அவளும் நினைக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சன்னல் இல்லாத அறை. மே மாச வெக்கை. அம்மன் படத்தின் கீழே, மாத்திரைப் பொட்டலத்தின் பக்கத்தில், பட்டுத்துணி சுற்றிக் குழந்தை கிடந்தது. அழுது அழுது ஓய்ந்து, உதடு வெடித்து, கண் பாதி மூடியிருந்தது. அந்த வீட்டு ஒப்பாரியில் அதன் முனகல் யாருக்குக் கேட்டிருக்கும்? அக்கா அள்ளிக்கொண்டு ஓடினாள். ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் விடிய விடிய ஊசி குத்தினார்கள். காலையில் பால் குடித்தது.

பிழைத்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். பங்கஜம் வந்தார். சத்தம் போடவில்லை. "நீங்க சொன்னபடிதானம்மா செஞ்சோம்? பிரசாதம்னு சொன்னது நீங்கதான? மாசாமாசம் அவ விலகுன நாள்லயும் குடுக்கல, துட்டியிலயும் குடுக்கல. தீட்டுல யாராச்சும் பிரசாதம் குடுப்பாவளா?"

 தப்பு என்னுடையது, அந்தப் பெண்ணைத் தண்டிக்காதீர்கள் என்று அக்கா பங்கஜத்தின் காலில் விழப் போனாள். ஊரிலிருந்து வந்த பொன்ராஜிடமும் கெஞ்சினாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "உங்களக் குத்தம் சொல்லலம்மா. ஆனா பிள்ளை இங்க இருந்தா எங்கம்ம இனிமே ராத்திரி தூங்க மாட்டாவ," என்றார். மாமியார் பிடிவாதத்தில் ஒன்று மட்டும் தளர்ந்தது, மருமகளை அப்பன் வீட்டுக்கு அனுப்பவில்லை. குழந்தை உடன்குடிக்குப் போவது என்று ஆயிற்று.

மாத்திரை இப்போது சமையலறை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில். தங்கபுஷ்பம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் தினமும் விழுங்கினாள். இரண்டு மாசத்தில் முழுசாகத் தெளிந்தாள். அதற்கப்புறம்தான், ஆடி பிறப்பதற்கு முன் நல்ல நாள் பார்த்து, எழும்பூரில் குழந்தையை ரயிலேற்றினார்கள்.

மறுநாள் அக்காவும் நானும் போனோம். தங்கபுஷ்பம் எங்களை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தாள். வீடு துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

"இப்ப அம்மன் பேசலக்கா," என்றாள். "காதுல ஒரு சத்தமும் இல்ல. எல்லாம் நல்லாத் தெளிவாத் தெரியுது. பிள்ளை ரயில்ல போனது தெரியுது. அது என்னைய மறந்துரும்ங்கறதும் தெரியுது. மருந்து நல்ல மருந்துதான்." காலி டம்ளர்களை எடுத்து அடுக்கினாள். "இது தெரியாம இருக்கதுக்கு ஏதும் மாத்திரை இருக்காக்கா?"

 அக்கா பையிலிருந்து அடுத்த மாசத்துப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். தங்கபுஷ்பம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.