வாசலில் ஒரு வெள்ளைக் குடை

தி.நகரில் புடவை வாங்க வருகிறவர்கள் கடை விளக்கை நம்புவதில்லை. வாசலுக்குத் தூக்கி வந்து, வெயிலில் விரித்துப் பார்த்த பிறகுதான் எடுப்பார்கள். பட்டுப் பிரிவில் விற்கிற எனக்குப் பாதி நாள் வாசலிலேயே போகும். அரக்கா, மெரூனா என்றால் நான் சொல்வதுதான் தீர்ப்பு.

இடது கண்ணில், கருவிழி ஓரமாக, வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. வீட்டருகே ஒரு கிளினிக்கில் "சதை வளர்ந்திருக்கு" என்று வெட்டி எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் குப்பையில் போட்டார்கள். நானும் ஏன் என்று கேட்கவில்லை. நினைத்தால் இன்றும் ஆத்திரமாக வருகிறது.

சில மாதங்களில் திரும்பி வந்தது, முன்பைவிடப் பெரிதாக. அடையாற்றில் ஒரு கண் டாக்டரம்மா என் கண்ணில் நீலச் சாயம் விட்டுப் பார்த்தார். ஆயுள் முழுக்கச் சாயத்தைப் பார்த்த கண்ணுக்கே சாயமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"கேன்சரா இருக்கலாம்மா. ரொம்ப பேருக்கு வராது. வெயிலும் ஒரு காரணம்."

"கண்ண எடுத்துருவீங்களா?"

"இப்ப மேலாப்லதான் இருக்கு. உள்ள இறங்கிட்டா கஷ்டம்."

"வெட்டுறத இந்த தபா தூக்கிப் போடக்கூடாது. எனக்கு ரிப்போர்ட் வோணும்" என்றேன். கத்திவிட்டேன் என்றே சொல்லலாம்.

வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், ரிப்போர்ட் வந்தது. கேன்சர்தான், ஓரத்தில் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. அதற்கு மாதக்கணக்கில் சொட்டு மருந்து. கண் சிவந்து, மிளகாய் பட்டதுபோல் எரியும். பயந்தேன், ஆனால் லீவு போடவில்லை.

எங்கள் முதலாளி அண்ணாச்சி கூப்பிட்டார். "நீ குடோனுக்குப் போயிரும்மா. கண்ணப் பாத்து வாறவங்க பயப்படுதாங்க. ஒனக்கு நெறமும் சரியாத் தெரியாதுல்லா."

அடுக்கிலிருந்து இரண்டு புடவைகளை உருவித் தோளில் போட்டுக்கொண்டேன். நல்ல கண்ணைக் கையால் பொத்தியபடி வாசலுக்கு நடந்தேன். அண்ணாச்சி பின்னாலேயே வந்தார். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"இது அரக்கு. இது மெரூன். உள்ள ரெண்டையும் ஒரே அடுக்குல வச்சிகினு கீறீங்க, அண்ணாச்சி."

அவர் புடவைகளில் தொங்கிய சீட்டைத் திருப்பிப் பார்த்தார். நான் சொன்ன நிறம்தான் எழுதியிருந்தது.

"குடோனுக்கெல்லாம் போவ மாட்டேன். வெயில் ஆவாதுன்னு டாக்டரு சொல்லிக்கீறாங்க. வாசல்ல பெரிய குடையா ஒண்ணு நட்டு வைங்க. வெள்ளையா இருக்கணும், கலர் குடை நெறத்தக் கெடுத்துரும்."

அந்த வாரமே குடை வந்தது. போன பரிசோதனையில் கண் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். இனியும் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம், பார்க்கிறேன். திரும்பி வந்தால் வரட்டும், நான் வாசலில்தான் நிற்பேன்.