செல்வி அக்கா மேல் விழுந்த சீட்டு

“படிச்சி முடிச்சா நீ எங்களையெல்லாம் மறந்துருவ லா,” என்று சபையில் செல்வி அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னார். நான் மறக்கவில்லை. அதைவிட மோசமானதைச் செய்தேன். மலேசியாவின் யோங் பெங் ஊரில், கீழே கடையும் மேலே குடியிருப்புமாக, எங்கள் சபை கூடிவந்த கடைவீட்டை மூட வைத்தவள் நான்தான்.

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் படிவத்தை, அதாவது பதினோராம் வகுப்பை, தாண்டிய முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு உண்டு, இன்றும் உண்டு. அப்போது பெரிய தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. சபைக்கு மேல்மாடியில் நாங்கள் குடியிருந்தோம். கீழே ஜெபக்கூட்டம் தொடங்கினால் ஒலிபெருக்கியில் என் மேசை அதிரும். போதகரிடம் போய்க் கேட்டிருக்கலாம்... கேட்க மனம் வரவில்லை. நகராண்மைக் கழகத்துக்கு அழைத்து, பெயர் சொல்லாமல், நல்ல மலாயில் புகார் செய்தேன்.

சத்தத்தைக் குறைக்கச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். வந்தவர்கள் உரிமத்தைக் கேட்டார்கள். கடை நடத்த உரிமம் இருந்தது. வழிபாடு நடத்த இல்லை. கதவு மூடப்பட்டது.

“நம்ம ஆளுதான் யாரோ மாட்டிவிட்டுட்டாங்க,” என்று பேச்சு எழுந்தது. எல்லாரும் செல்வி அக்காவைப் பார்த்தார்கள். தன் கைக்குழந்தை தூங்கவில்லை, சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள் என்று சபை நடுவே கேட்டவர் அவர் ஒருவர்தான்.

“நானா இருந்தா உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுல்ல செய்வேன்?” என்றார் அக்கா.

எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நானும்தான். அதன் பிறகு அவர் வரவே இல்லை.

இன்று நான் ஆசிரியை. சபை இன்னும் வீடு வீடாகக் கூடுகிறது. இடம் போதாமல் பலர் நின்றுவிட்டார்கள். ஞாயிறு பள்ளியில் நான் பாடம் நடத்துகிறேன். போன வாரப் பாடம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். போரில் விழுந்த நகரத்திலிருந்து, தேவன் எடுக்கக்கூடாதென்ற சால்வையை ஒருவன் திருடிக் கூடாரத்துக்குள் புதைக்கிறான். அந்தப் பாவத்தால் அடுத்த போரில் ஒன்றுமறியாத முப்பத்தாறு பேர் சாகிறார்கள்.

“டீச்சர், செத்தவங்க என்ன தப்பு பண்ணாங்க?” என்று ஒரு சிறுமி கேட்டாள்.

இத்தனை ஆண்டுகள் அந்தக் கதையில் திருடனைக் கல்லெறிந்து கொன்ற தண்டனையை நினைத்துத்தான் நான் பயந்தேன். அந்த முப்பத்தாறு பேரை நினைத்தேனா? வேதத்தில் திருடனைக் கண்டுபிடிக்கச் சீட்டு விழுகிறது: கோத்திரம், வம்சம், வீடு என்று நெருங்கிவந்து சரியான ஆளிடம் நிற்கிறது. எங்கள் சபையில் அது தவறான ஆளிடம் நின்றது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பாவம் இடத்தை மட்டும் பறிக்கவில்லை. நல்ல மனிதர்கள் சேர்ந்து ஒரு குற்றமற்றவரைத் துரத்தும்படி செய்தது. அவர்களுக்கு அது இன்னும் தெரியாது... அதுதான் என்னை அழுத்துகிறது.

நேற்று தங்காக் நகரில் செல்வி அக்கா வேலை செய்யும் துணிக்கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த புடவையை அவர் மடித்து முடித்தார்.

“இத என்கிட்ட மட்டும் சொல்லி என்னா செய்ய?” என்றார். பிறகு அடுத்த புடவையை எடுத்துக்கொண்டார்.

கடை வாசலிலேயே நின்று போதகரை அழைத்தேன். ஞாயிறு ஆராதனையில் பேச நேரம் கேட்டேன்.

“தேவன் செஞ்ச நன்மைக்குச் சாட்சி சொல்லப் போறியாம்மா?” என்று சந்தோஷமாகக் கேட்டார்.

“இல்லங்க ஐயா. கடைவீட்ட மூட வச்சது யாருன்னு சொல்லப் போறேன்,” என்றேன்.