ஒரு எழுத்து பிசகாமல் சொன்ன செல்லம்மா

பக்கத்து வீட்டுப் பெண் கண்டிக்குப் போய்ப் படிக்கிறாள். நேற்று பாடப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "மாமா, இத பூர்ஷ்வான்னு சொல்லணுமா, போர்ஜியோஸ்ன்னு சொல்லணுமா?" என்று கேட்டாள். "ஒங்க டீச்சரையே கேளு தாயி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். கிழவனுக்குத் தெரியவில்லை என்று நினைத்திருப்பாள். தெரியாமலா? ஒரு காலத்தில் மாத்தளை டவுனிலேயே அந்த மாதிரிச் சொற்களுக்கு நான்தான் வைத்தியர்!

சிரிக்காதீர்கள். வெள்ளைக்காரன் காலம் அது. புடவைக் கடையொன்றில் துணி அளந்துகொண்டிருந்தேன். கடை சாத்தியதும் பேக்கரிக்கு மேலே இருந்த தொழிற்சங்க அறைக்கு ஓடுவேன். கீழே பாண் வேகும், மேலே நாங்கள் உலகத்தைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருப்போம். கொழும்பிலிருந்து தோழர்கள் வந்து இங்கிலீஷில் பொழிந்துவிட்டுப் போவார்கள். மற்றவர்கள் அந்தச் சொற்களைக் கடித்துத் துப்ப, நான் மட்டும் கண்ணாடி முன்னால் உதட்டைக் குவித்து நின்று பழகுவேன். இம்பீரியலிசத்தில் எந்த இடத்தை அழுத்துவது, பூர்ஷ்வாவை எப்படி நோகாமல் உச்சரிப்பது என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. பேக்கரி நடத்திய முஸ்லிம் பெரியவர், காக்கா என்றுதான் கூப்பிடுவோம், ஒருநாள், "தம்பி, நீங்க அந்தச் சொல்லச் சொல்லி முடிக்கக்குள்ள என்ட பாண் கருகிடும் போல ஈக்குது" என்றார். மண்டைக்கனம் பிடித்த எனக்கு அதுவும் பாராட்டாகத்தான் பட்டது.

பாண் வாசனை என்றாலே எனக்குச் செல்லம்மா ஞாபகம் வந்துவிடும். எல்கடுவைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிப்பவள். ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க டவுனுக்கு இறங்குவாள். இடுப்பில் நடை பழகும் வயசில் ஒரு பெண் குழந்தை. அதன் கையில் சூடாக ஒரு துண்டுப் பாணைக் கொடுத்துவிட்டு மாடிப்படி ஏறி வருவாள். என்னைவிட மூத்தவள். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவள் பேசினால் அறையே வாயை மூடிக்கொள்ளும்.

"புள்ள மடுவத்துல ஒர மூட்டைய அடுக்கிப்புட்டாங்க தம்பி. புள்ளைய லயத்துல பூட்டிப்புட்டுத்தான் மலைக்குப் போறேன். கையி கொழுந்துல இருக்கு, உசுரு லயத்துல கெடக்கு. அன்னைக்கி வந்து பாக்குறேன், அடுப்புச் சாம்பல்ல ஒக்காந்திருக்குது!"

லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடு. தாய்மார் மலையில் நிற்கும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகைதான் பிள்ளை மடுவம். அதைத் திரும்பத் திறக்கச் சொல்லித் துரையிடம் தானே கேட்கப் போவதாகச் சொன்னாள். என்ன கேட்பீர்கள் என்றேன். "எம் புள்ளைக்கி ஒரு எடம் குடுங்க சாமின்னு கேப்பேன்" என்றாள்.

"அப்பிடியெல்லாம் கெஞ்சக் கூடாதுக்கா" என்றேன். எங்கிருந்துதான் வந்ததோ அந்தத் திமிர்!

அன்று தொடங்கியது பாடம். எக்ஸ்ப்ளாய்ட்டேஷனைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தேன். முதல் துண்டைத் தொண்டையிலிருந்து எடுங்கள், அடுத்ததற்கு உதட்டை ஒட்டித் திறங்கள், கடைசியில் காற்றை விடுங்கள் என்று ஒரே அட்டகாசம். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனாலும் கெட்டிக்காரி, சில வாரங்களிலேயே பிடித்துக்கொண்டாள். ஒருநாள் மட்டும் கேட்டாள்:

"இதுக்குத் தமிழ்ல என்னா தம்பி?"

"சுரண்டல்."

"அப்ப சுரண்டல்னே சொல்லிப்புடலாமே?"

"இங்கிலீஷ்ல சொன்னாத்தான்கா துரைக்கு உறைக்கும்."

உறைத்தது.

தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆபீஸ் ஜன்னலுக்கு உள்ளே துரை இருப்பார். வெளியே நின்று சனங்கள் தமிழில் முறையிடுவார்கள். பக்கத்தில் நிற்கும் பெரிய கிளாக்கர் அதை இங்கிலீஷில் சொல்வார். அந்தத் துரை புதியவர், வா, போ, எடு என்பதற்கு மேல் தமிழ் தெரியாது. ஆக கிளாக்கர் சொல்வதுதான் பேச்சு. வயிறெரிந்து கத்தினாலும், தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறார்கள் என்று குளிர வைத்து உள்ளே அனுப்பிவிடுவார். நாங்கள் அவரைத் துரையின் வால் என்று திட்டுவோம். அந்த வால் எத்தனை குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

செல்லம்மா அந்த ஜன்னலில் போய்ப் பேசிய மறுநாள், அது யாருடைய உச்சரிப்பு என்று ஊகித்துக் கிளாக்கர் கடைக்கே வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "அவ தமிழ்ல எவ்வளவு கேவலமா ஏசியிருந்தாலும் நான் சமாளிச்சிருப்பேன்டா. நீ சொல்லிக் குடுத்தது என்னத் தாண்டி நேரா துரை காதுல போயி விழுந்திருச்சு. நான் எத மாத்திச் சொல்றது? மடுவத்தப் பத்திக் கேக்கவே இல்ல அந்தாளு. யாரு சொல்லிக் குடுத்தான்னு மட்டுந்தான் கேட்டான்."

அவள் கொஞ்சம் குளறியிருந்தாலாவது துரைக்கு விளங்கியிருக்காது. குளறாமல் பழக்கிவிட்டவன் நான்தானே!

வேலையிலிருந்து நிறுத்தும் பத்துச்சீட்டைக் கொடுத்து அவளைக் குடும்பத்தோடு வெளியேற்றிவிட்டார்கள். சங்கக்காரி என்று பெயர் பரவிவிட்டதால் வேறு எந்தத் தோட்டமும் சேர்த்துக்கொள்ளவில்லை. புருஷனின் பூர்வீக ஊருக்கு, அவள் கண்ணால்கூடக் கண்டிராத இடத்துக்கு, கடல் தாண்டி இந்தியா போக முடிவெடுத்தார்கள். ரயிலுக்குப் போகிற வழியில் கடைக்கு வந்தாள். புருஷன் பெட்டியோடு தெருவில் நின்றான். நான் துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

"சரியாத்தான் சொன்னேன் தம்பி, ஒரு எழுத்து பிசகல" என்றாள். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை. "யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டாக. மாரியாத்தா கனவுல வந்து சொன்னான்னுட்டேன்."

என் பெயரைச் சொல்லியிருந்தால் எனக்குக் கடை வேலை போயிருக்கும், அவ்வளவுதான். மன்னிச்சிருங்கக்கா என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல என் நாக்கு புரளவில்லை. நினைத்தால் இன்றும் கூசிப்போகிறேன்.

இன்னும் கேளுங்கள். அவள் போன பிறகு சத்தமில்லாமல் உர மூட்டைகளை வெளியேற்றி மடுவத்தைத் திறந்துவிட்டார்கள். வேறொருத்தி கிளம்பிவிடக் கூடாதே என்ற பயமாக இருக்கலாம். அந்தத் தோட்டத்துச் சனங்கள் இறங்கி வந்து, எல்லாம் ஒங்களாலதான் என்று சங்க அறையில் எனக்கு மாலை போட்டார்கள். நான் கழுத்தைத் தாழ்த்தி வாங்கிக்கொண்டேன்.

துரைமார் கப்பலேறிவிட்டார்கள். ஆபீஸ் ஜன்னலைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். மடுவம் இருந்த இடத்தில் மிளகுக் கொடி படர்ந்து கிடக்கிறது. மாலை போட்டவர்களில் பாதிப் பேர் அக்கரைக்கு, மீதிப் பேர் மண்ணுக்கு. அந்த மடுவத்தைத் திறக்க வைத்தது யார் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம். எனக்கும் அவளை முழுசாகத் தெரியாது. வாயில் நுழையாத சொற்களையெல்லாம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேனே, இடுப்பிலிருந்த அந்தக் குழந்தையின் பெயரென்ன என்று ஒருநாளும் அவளிடம் கேட்கவில்லை.