பால் லொறிக்குச் சட்டம் இல்லையாம்

லொறி ஓடுறது பெரிய வேலையில்லை, எப்ப நிப்பாட்டவேணும் எண்டு விளங்கிறதுதான் வேலை. ஸ்ரியரிங் பிடிச்சுச் சோறு தின்ற ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்களும் அந்தத் தட்டாலை நித்திரை கெட்ட ஆக்கள்தானே. தெரியாதவைக்குச் சொல்லுறன்: வேகம் காட்டுற மீற்றருக்குள்ளை வட்டமா ஒரு கடதாசித் தட்டைப் போட்டு மூடவேணும். நீங்கள் ஓடினது, நிண்டது, வேலை செய்தது எல்லாத்தையும் அது ஊசியாலை கீறிக்கொண்டே இருக்கும். நாலு மணித்தியாலம் ஓடினால் நிக்கவேணும். இவ்வளவு நேரம் படுக்கவேணும் எண்டும் கணக்கு. மீறினால் பொலிஸ்.

எண்பதுகளின்ரை நடுவிலை நான் டென்மார்க்கிலை ஓகூசுக்குக் கிட்ட ஒரு சின்னக் கொம்பனியிலை லொறி ஓடினனான். மனிசி மங்கை யாழ்ப்பாணத்திலை. அவளைக் கூப்பிட விண்ணப்பம் குடுத்திட்டுக் காத்திருக்கிறன். "வேலையும் போகக்கூடாது, பொலிசிலை கேசும் விழக்கூடாது. ரெண்டிலை ஒண்டு நடந்தாலும் மங்கை வந்தமாதிரித்தான்" எண்டு சனம் வெருட்டி வைச்சிருந்தது. அதாலை லொறியிலை ஏறினால் என்ரை கண் மணிக்கூட்டிலைதான்.

கேற்றடியில் புளிச்ச பால்

முதல் கிழமை முதலாளி ஜென்ஸ் எனக்குப் பால் லொறியைத் தந்தான். பண்ணை பண்ணையாப் போய்ப் பாலை உறிஞ்சி எடுத்துப் பாற்சாலையிலை இறக்கவேணும். "இதுக்குத் தட்டுத் தேவையில்லை, இந்த ஓட்டத்துக்கு விலக்கு இருக்கு" எண்டான். எனக்கு நம்பிக்கை வரேல்லை. சட்டம் இல்லாத லொறி எண்டு ஒண்டு டென்மார்க்கிலை இருக்குமோ? இவன் என்னை மாட்டிவிடப் பாக்கிறான் எண்டு நினைச்சு, ஒருத்தருக்கும் சொல்லாமல் தட்டைப் போட்டுக்கொண்டுதான் வெளிக்கிட்டனான்.

நாலு மணித்தியாலம் முடிஞ்சுது. ஒரு பண்ணைக் கேற்றடியிலை லொறியை நிப்பாட்டிப்போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தன். நல்ல வெயில். பண்ணைக்காரன் வந்து பாலைக் காட்டினான், நான் மணிக்கூட்டைக் காட்டினன். அவன் உள்ளுக்கை ஓடிப்போய் ஜென்சுக்கு ரெலிபோன் அடிச்சுப்போட்டு, என்னை யன்னலடிக்குக் கூப்பிட்டு றிசீவரை நீட்டினான். அந்தப் பக்கம் ஜென்ஸ் கத்தினது றோட்டு முழுக்கக் கேட்டிருக்கும். "சட்டமே உன்னை ஓடு எண்டு விட்டிருக்கு, நீ ஏனடா பாலைப் புளிக்கவைக்கிறாய்?"

சும்மா இருக்கத் தெரியாத கை

பால் இல்லாத நாளிலை கடைகளுக்குச் சீஸ் கொண்டுபோறது. அதுக்கு விலக்கு இல்லை, ஓய்வு கட்டாயம். ஓய்வு எண்டால் சும்மா இருக்கிறது. உதுதான் எங்கடை ஆக்களுக்கு வராதே! ஒரு ஸ்டோரிலை தலை நரைச்ச மனிசன் ஒருத்தர் தனிய நிண்டு பெட்டி இறக்கிறார். வயசு போன மனிசன் மூச்சு வாங்க, நான் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறதோ? எங்கடை வீட்டிலை அப்பிடிப் பழக்கேல்லை. இறங்கிப்போய் ரெண்டு பெட்டியைத் தோளிலை ஏத்திப்போட்டன்.

அந்த மனிசன் நன்றி சொல்லுவார் எண்டு பாத்தால், பேயைக் கண்டமாதிரிப் பதறிப்போனார். பெட்டி தூக்கினால் அது வேலையாம், என்ரை ஓய்வு முறிஞ்சு போச்சாம், திரும்ப முதலிலையிருந்து இருக்கவேணுமாம். என்னைத் தள்ளிக்கொண்டுபோய் ஒரு கதிரையிலை இருத்தி, கோப்பியும் தந்து சொன்னார்: "தம்பி, தயவுசெய்து எனக்கு உதவி செய்யாதை."

திங்கட்கிழமை ராகு காலம்

இது கொஞ்சம் பெரிய கோதாரி. ஒரு திங்கட்கிழமை எஸ்பியர்க் துறைமுகத்துக்குச் சீஸ் கொண்டுபோகச் சொல்லி ஜென்ஸ் விட்டான். என்ரை முதல் தூர ஓட்டம். வெளிக்கிடச் சொன்ன நேரம் எட்டரை. திங்களிலை அது முழு ராகு காலம்! மங்கையின்ரை அலுவல் தொங்கிக்கொண்டிருக்கேக்கை கெட்ட நேரத்திலை கால் வைப்பனோ? ஏழு மணிக்கே போய், தட்டைப் போட்டு, பிள்ளையாரைக் கும்பிட்டு, லொறியைக் கேற் வரைக்கும் மெதுவா உருட்டி நிப்பாட்டினன். நல்ல நேரத்திலை பயணம் தொடங்கியாச்சு. பேந்து ஒன்பது மட்டும் உள்ளை இருந்து பாண் திண்டன். எங்கடை கணக்கிலை எல்லாம் சரி. தட்டின்ரை கணக்கிலை அவ்வளவும் வேலை நேரம்.

துறைமுகத்திலை வேலை இழுபட்டுப் பின்னேரம் திரும்பி வரேக்கை பொலிஸ் மறிச்சான். தட்டைத் தூக்கி வெளிச்சத்திலை பிடிச்சான். வேலை நாள் அளவுக்கு மிஞ்சிப்போச்சு. "எங்கடை பால் கொம்பனி, எங்களுக்கு விலக்கு" எண்டன். என்ன ஏத்தினனீ எண்டு கேட்டான். சீஸ் எண்டன். "சீசும் பால்தானே" எண்டும் சொல்லிப் பாத்தன். பண்ணையிலையிருந்து பால் எடுக்கிற ஓட்டத்துக்குத்தான் விலக்கு, கொம்பனிக்கு இல்லை எண்டு தலையை ஆட்டினான். காலமை கேற்றடியிலை அவ்வளவு நேரமும் என்ன செய்தனீ எண்டு கேட்டான். ராகுவை நான் டேனிசிலை எப்பிடிச் சொல்ல? கெட்ட நேரம் போகட்டும் எண்டு இருந்தனான் எண்டன். அவன் என்னை மேலையும் கீழையும் பாத்தான். "அது போகேல்லை, இப்பத்தான் வந்திருக்கு."

அந்தோனி அண்ணையின்ரை ஆறுதல்

பொலிஸ்காரன் தட்டைக் கொண்டுபோயிட்டான். ரெண்டு கிழமையாலை ஸ்டேசனுக்கு வா எண்டு சொல்லிவிட்டான். அந்த ரெண்டு கிழமையும் எனக்குச் சோறு இறங்கேல்லை. மங்கை ரெலிபோனிலை "இஞ்சை இரவிலை ஒரே செல்லடி, எப்பயப்பா கூப்பிடுவியள்?" எண்டு கேட்க, "கெதியா, கெதியா" எண்டு சொல்லிப்போட்டு வந்து குசினிக்கை நிண்டு அழுதன். நேரம் பாத்து, நேரம் பாத்து என்ரை மனிசியை நானே அங்கை விட்டிட்டனே!

என்னோடை ஒரே வீட்டிலை இருந்தவர் மன்னார் அந்தோனி அண்ணை, மீன் பக்ரறியிலை வேலை. கேஸ் எண்டால் கேஸ்தான் எண்டு முதல் நாளே சொல்லி என்ரை ஈரலைக் கரைச்ச மனிசன். கடைசியிலை என்ரை கோலத்தைப் பாத்து அவருக்கே பாவமாப் போச்சு. மேசையிலை மெழுகுதிரி ஒண்டைக் கொளுத்தி வைச்சார். "பிள்ளையார் நேரம் பாத்துக் குழப்பினதை இனி மருதமடு மாதாதான் சரிப்பண்ணவேணும்."

ஸ்டேசன்

ஜென்ஸ் கேளாமலே என்னோடை வந்தான். "இவன் களவாய்க் கூடுதலா ஓடினவன் இல்லை, தட்டைப் போட்டிட்டுச் சாமி கும்பிட்டு, ஓடாமல் நிண்டு மாட்டினவன்" எண்டு எனக்காகக் கதைச்சான். பொலிஸ்காரனும் தட்டைத் திரும்பத் திரும்பப் பாத்தான். இந்தமுறை எச்சரிக்கை மட்டும், கேஸ் இல்லை எண்டான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேணும்போலை இருந்துது. கதவடிக்குப் போகேக்கை கூப்பிட்டுச் சொன்னான்: "முதல் கும்பிடு, பிறகு தட்டைப் போடு."

மங்கை வந்தாள்

அடுத்த மாரிக்கு முதல் மங்கை வந்து சேந்திட்டாள். வந்த கிழமையே நான் இந்தப் புலம்பல் எல்லாத்தையும் அவிட்டுவிட்டன். நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிக்கச் சொல்லுறாங்கள், மனிசர் தொழில் செய்யிறதோ, விசர்ச் சட்டம் எண்டெல்லாம் கத்தினன். அவள் தேத்தண்ணியை ஆத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் யாழ்ப்பாணத்திலையிருந்து கொழும்புக்குப் பஸ்ஸிலை வந்தவள். அதைப்பற்றி அதுவரைக்கும் அவளும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. கோப்பையை எனக்கு முன்னாலை வைச்சிட்டுச் சொன்னாள்: "உங்களைக் களைக்கும் எண்டெல்லோ நிக்கச் சொல்லுறாங்கள். எங்கடை பஸ் ஆமி மறிச்சு நிண்ட இடத்திலை இறக்கின பெடியள் திரும்பி ஏறேல்லையப்பா."

அண்டையோடை தட்டைப்பற்றி வீட்டிலை வாய் திறக்கிறதை விட்டிட்டன், ஓய்வு நேரத்திலை லொறிக்குள்ளை தனிய இருந்து புறுபுறுக்கிறதோடை சரி.