கல் ஸே

ரத்தம் இறங்கும் பிளாஸ்டிக் குழாயின் நடுவிலிருந்த சின்னச் சக்கரத்தை ஒச்சம்மா கட்டைவிரலால் மேலே தள்ளினாள். சொட்டு ஓட்டமாயிற்று. நர்ஸ் நீலாவதி வந்து பழையபடி இறக்கிவைத்தாள்.

"என்னக்கா, வீட்டு ஃபேன் ரெகுலேட்டரா இது? நீங்களே திருகிக்கிறீங்க?"

"கப்பல் அஞ்சு மணிக்கு, சிஸ்டர்."

"நடுக்கடல்ல மூச்சு முட்டுனா யாரு பாக்குறது?"

"இனிமே ஒரு மணி நேரத்துல ஏறிடும்னு காலைல டாக்டர் சாப் சொன்னாரே. கல் ஸேன்னாரே."

"ஆமா. நாளைலேர்ந்து."

ஒச்சம்மா பாட்டிலைப் பார்த்தாள். இந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் 'கல்' என்ற ஒரே சொல்தான். அவள் நேற்றிலிருந்து என்று எடுத்துக்கொண்டு, இரண்டாவது பாட்டிலுக்கும் தலையாட்டியிருந்தாள்.

கச்சால் தீவில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். சுனாமி முகாமுக்கு வந்த ஒரு டாக்டர்தான் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, ரத்தமே இல்லை என்றார். அதுவரை தன்னைச் சோம்பேறி என்றே நினைத்திருந்தாள். அதிலிருந்து அவ்வப்போது போர்ட் பிளேருக்கு வந்து ஏற்றிக்கொள்கிறாள். புடவை எடுக்கப் போவதாக ஊரில் சொல்வது வழக்கம். மகள் விஜயகுமாரியைப் பேசி முடிக்க மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். ரத்தம் ஏற்றிக்கொள்கிறவள் பெண்ணை யார் எடுப்பார்கள்?

"கழட்டிவிடுங்க, சிஸ்டர்."

"கழட்டுனா மிச்சம் குப்பைக்குத்தான்."

அந்தப் பாட்டிலுக்கு ஈடாக, போர்ட் பிளேரில் இருக்கும் அக்காள் மகன் முத்துராஜ், ஊசிக்குப் பயந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு தன் ரத்தத்தைக் கொடுத்திருந்தான். ஒச்சம்மா கையை நீட்டியபடியே கிடந்தாள். கப்பல் ஊதியபோது பாட்டிலில் கால்வாசி மிச்சமிருந்தது.

ராத்திரி ஒச்சம்மாவை வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். மறுநாள் மற்றவர்களுக்கு வேகமாக ஏற்றத் தொடங்கினார்கள். பக்கத்துக் கட்டில் பெங்காலிப் பெண்ணுக்கு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அவள் சீப்பை எடுத்துத் தலைவாரிக்கொண்டு பஸ் பிடிக்கப் போனாள்.

மத்தியானம் கணவன் ஐயாவு போன் செய்தான்.

"வந்தாங்க. நீ எங்கன்னு கேட்டாங்க. பொய் வாயில வரல புள்ள. ரத்தம் ஏத்திக்கப் போயிருக்கான்னு சொல்லிட்டேன்."

"போச்சு. என்னா சொன்னாங்க?"

"என்ன குரூப்புன்னு மாப்பிள்ளையோட அப்பா கேட்டாரு. எனக்கு எங்க தெரியும்?"

"பி பாசிட்டிவ்."

அந்தப் பக்கம் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

"அவருக்கும் அதானாம். அடுத்த தடவ அவரு வந்து குடுக்குறாராம். கல்யாணம் ஆவணியில."

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். அன்று கப்பல் இல்லாததால் ஒச்சம்மா முத்துராஜ் வீட்டுக்குப் போனாள். போகிற வழியில் ஒரு புடவை எடுத்தாள்.