பெட்டிக்குள் கொள்ளாத பீரங்கி வண்டி

தம்பி மகன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவனுக்குச் சரியாக நடக்கக்கூடத் தெரியாது. தம்பியும் அவன் மனைவியும் துபாய்க்குப் புறப்பட்டார்கள். கைக்குழந்தையோடு அங்கே சமாளிக்க முடியாது என்றார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. தாராவியில் கீழே தோல் பை தைக்கிற பட்டறை, ஏணியில் ஏறினால் மேலே மாளா என்கிற மாடி அறை, அதில் நானும் என் மனைவியும். டாக்ஸியில் ஏறும்போது தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி இவன் ஒங்க பிள்ளைன்னு நெனச்சுக்கிடுங்க காக்கா" என்றான். பிள்ளையை ஒப்படைக்கிற எவனும் சொல்கிற உபசார வார்த்தைதான். நாங்கள் இரண்டு பேரும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம்.

பையன் பெரிய வாப்பா, பெரியும்மா என்று எங்களைக் கூப்பிட்டு வளர்ந்தான். வீட்டில் தமிழ் பேசுவான், சண்டை மட்டும் தெருவில் இந்தியில் போடுவான். அவனுக்குப் பூண்டு வாசம் ஆகாது என்று என் மனைவி ரசம் வைப்பதையே விட்டுவிட்டாள். எனக்கு ரசம் உயிர். அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள் அந்த வீட்டில்?

துபாயிலிருந்து லீவில் வருகிறவர்களிடம் தம்பி ஏதாவது கொடுத்துவிடுவான். அப்படித்தான் அந்த பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. சிவப்பு, மஞ்சள், சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னச் செங்கல்கள். ஒன்றின் தலையில் இன்னொன்றை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். பட்டறை மூடியதும் நானும் பையனும் தரையில் உட்கார்ந்து வீடு கட்டுவோம், பஸ் கட்டுவோம். பஸ்ஸுக்கு அவன்தான் கண்டக்டர். என்னை ஒரு நாளும் டிக்கெட் இல்லாமல் ஏறவிட்டதில்லை.

ஒரு ஜனவரியில் பக்கத்து வீட்டு டிவியில் குடியரசு தின அணிவகுப்பைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

"பெரிய வாப்பா, டேங்க் கட்டுவோமா? சும்மா நிக்கிற டேங்க் இல்ல, ரிமோட்ல ஓடணும்."

எனக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும்? தையல் மெஷினில் இருக்கிற மோட்டார் நின்றால்கூட மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்புகிறவன். ஆனால் அவனிடம் முடியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. தம்பியிடம் சொல்லி, கட்டைகளோடு சேர்கிற மாதிரி இரண்டு குட்டி மோட்டார்களும் செல் போடுகிற டப்பாவும் வரவழைத்தேன். கொண்டுவந்தவர் காட்கோபரில் இறங்கியிருந்தார். நானும் பையனும் ரயிலேறிப் போய் வாங்கினோம். திரும்பும் வழியெல்லாம் அந்தப் பொட்டலத்தை அவன் என்னிடம் கொடுக்கவே இல்லை.

வலப் பக்கத்துச் சக்கரங்களுக்கு ஒரு மோட்டார், இடப் பக்கத்துக்கு ஒரு மோட்டார். ஒன்று நின்றால் வண்டி அந்தப் பக்கம் திரும்பும். லேமிங்டன் ரோட்டில் முன்னும் பின்னும் தள்ளுகிற சுவிட்சுகள் வாங்கி, ஒரு சோப்பு டப்பாவில் பொருத்தி, நீளமான வயரால் வண்டியோடு இணைத்தோம். அதுதான் எங்கள் ரிமோட். முதல் நாள் ஒரு மோட்டாருக்கு வயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன். வண்டி நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றியது. பையன் சிரித்த சிரிப்பில் அவனுக்கு விக்கல் எடுத்துவிட்டது.

சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற பட்டை அந்தக் கட்டைகளில் இல்லை. அது என் இலாகா. மெல்லிய தோலை வார் வாராக வெட்டி, சொரசொரப்பான பக்கம் வெளியே வரும்படி வளையமாகத் தைத்தேன். தரையைக் கவ்விக்கொண்டு போனது. சின்னப் பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும்படி பையன் மாற்றி வைத்த பிறகு வேகம் குறைந்தது, ஆனால் பலம் வந்தது. தோல் துண்டுகளின் மேல் ஏறி இறங்கி, பட்டறை வாசற்படியையும் தாண்டியது. தைத்துக்கொண்டிருந்தவர்கள் மெஷினை நிறுத்திவிட்டுக் கை தட்டினார்கள். அன்று நான் இருந்த சந்தோஷத்தில் இப்போதுகூட ஒரு துளி பாக்கி இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான், எங்களுக்குப் போன் வருகிற மெயின் ரோட்டு பேக்கரிக்குத் தம்பி போன் செய்தான். வீடு பெரிதாகக் கிடைத்துவிட்டது, பள்ளிக்கூடத்தில் இடமும் கிடைத்துவிட்டது, அடுத்த லீவில் வந்து பையனைக் கூட்டிப் போகலாம் என்றிருக்கிறோம் என்றான். "ஒங்களுக்கும் எவ்ளோ நாளைக்குத்தான் செரமம் காக்கா?" என்றான். சிரமமாம். போனைப் பையனிடம் கொடுத்தேன்.

பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னான்: "டேங்க் வந்தாத்தான் நான் வருவேன். இல்லன்னா வர மாட்டேன்."

வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொன்னேன். அவள் பட்டறையிலிருந்து அளவு டேப்பை எடுத்துக்கொண்டு மாளாவுக்கு ஏறினாள். போன தடவை தம்பி விட்டுப் போயிருந்த சூட்கேஸ் அங்கே கிடந்தது. கீழே வந்து, "பெட்டி நீளம் இருவத்தெட்டு இஞ்ச்" என்றாள். டேப்பை என் கையில் கொடுத்தாள்.

மறுநாளே பையனிடம், "வண்டி சிறுசா இருக்குல்ல? பெருசாக் கட்டுவோம்" என்றேன். அவனுக்குக் கசக்குமா? கட்டைகள் போதவில்லை என்று தம்பிக்கே சொல்லி அனுப்பினேன். அவனும் சந்தோஷமாகப் பெட்டி பெட்டியாகக் கொடுத்துவிட்டான். அவன் கட்டைகளை வைத்தே அவன் பெட்டியைத் தோற்கடிக்கப் பார்த்தேன். வண்டி வளர்ந்தது. மேலே சுழலுகிற தலை வந்தது, முன்னால் நீளமாகக் குழாயும் அதைத் தூக்க மூன்றாவது மோட்டாரும் வந்தன. சாப்பிட உட்கார்ந்தால் அதைச் சுற்றித்தான் உட்கார வேண்டும். இரண்டு பெரிய மனுஷர்கள், ஒரு பிள்ளை வாய்க்கு வந்தபடி சொன்னதை நம்பிக்கொண்டு, பிளாஸ்டிக்கில் கோட்டை கட்டிக்கொண்டிருந்தோம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எங்களுக்கு வேறு எதுவும் கையில் இல்லை. அவன் எங்கள் பிள்ளை என்று யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

லீவில் தம்பி மட்டும் வந்தான். பையன் அவனைப் பாயில் உட்கார வைத்து வண்டியை ஓட்டிக் காட்டினான். வண்டி பட்டறையைச் சுற்றி வந்து, தம்பியின் கால்களுக்கு முன்னால் நின்று, குழாயைத் தூக்கியது. தம்பி பையனை அள்ளி மடியில் வைத்துக்கொண்டான். "யா அல்லாஹ், இதை நீயா கட்டுன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பையன் முகத்தில் இருந்த பெருமையை நான் அதுவரை பார்த்ததில்லை. இவ்வளவு நாளும் அவன் யாருக்குக் காட்டக் கட்டினான் என்பது அப்போது எனக்குப் புரிந்தது.

புறப்படுகிற அன்று காலையில் தம்பி அந்தச் சூட்கேஸைத் திறந்து வைத்து, வண்டியைத் தூக்கி உள்ளே வைத்துப் பார்த்தான். நீளவாக்கில் கொள்ளவில்லை. சாய்த்து வைத்தான், மூடி சாத்தவில்லை. என் மனைவி சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முகத்தைத் தம்பி பார்த்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும்.

"கொள்ளலியே. என்ன செய்ய?" என்றேன்.

பையன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "என்ன பெரிய வாப்பா, இது கட்டைதான? கழட்டிப் போட்டா ஏக்தம் ஈஸியாக் கொள்ளுமே!"

எத்தனை பஸ்ஸை நானே அவனோடு சேர்ந்து பிரித்திருக்கிறேன். இந்த வண்டியை மட்டும் பிரிக்கலாம் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. என் தொழில் அப்படி. தோலில் ஊசி இறங்கினால் இறங்கியதுதான். தைத்து முடித்த பையை யாரும் பிரிப்பதில்லை. பிரித்தால் வரிசையாக ஓட்டைதான் மிஞ்சும், தோல் திரும்பப் பழைய தோல் ஆகாது. நான் கடைசி வாரைத் தைத்த அன்றோடு அது ஒரே வண்டி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பையன் சம்மணம் போட்டு உட்கார்ந்து சுழலுகிற தலையை முதலில் பிடுங்கினான். டக் டக்கென்று கட்டைகள் விழுந்தன. மோட்டார் வந்தது, வயர் வந்தது. கொஞ்ச நேரம் தனியாகக் கழற்றியவன் நிமிர்ந்து பார்த்தான்.

"பெரிய வாப்பா, நீங்களும் ஒரு பக்கம் கழட்டுங்க. டாக்ஸி வந்துரும்."

நான் எதிரே உட்கார்ந்தேன். சில கட்டைகள் என் கைக்கு இறுகித்தான் இருந்தன. கண்ணை நீர் மறைத்ததில் எந்தக் கட்டை எதில் இருக்கிறது என்று தெரியவில்லை. தடவித் தடவி இழுத்தேன்.

பையன் என் முகத்தைக் குனிந்து பார்த்தான். "எதுக்கு அழுறீங்க? எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. அங்க போயி நானும் வாப்பாவும் இதே மாரியே கட்டிக்கிடுவோம்" என்றான். என்னைத் தேற்றுவதாகத்தான் நினைத்துச் சொன்னான்.

"சரி" என்றேன். அவன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகக் கழற்றி முடித்தோம். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, கட்டைகளைப் போட ஒரு பையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.