ரோமாபுரிக்கு ஒரு குடம் தண்ணீர்

குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில், தண்ணீரை மண்ணில் ஊற்றிப் பாடம் நடத்திய முட்டாள் நான். எண்பதுகளின் நடுவில், மொரப்பூர் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் சரித்திர வாத்தியாராக இருந்தேன். படித்த புத்தகமெல்லாம் தலைக்கேறியிருந்த வயசு.

மழை பொய்த்து மூன்றாவது வருஷம். ரோமானியர்கள் மலையிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாயை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே கட்டிப் பார்க்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. செங்கல் அடுக்கி, மேலே நாட்டு ஓடுகளை மல்லாத்தி, வேப்பமரத்திலிருந்து கொடிக்கம்பம் வரை ஒரு வாய்க்கால். கொடிக்கம்பத்தடி மண்சட்டிதான் ரோமாபுரி. ஆளுக்கொரு சொம்பு தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அதிகம் கொண்டுவருகிறவர்தான் சக்கரவர்த்தி என்றும் சொல்லித் தொலைத்தேன்.

கேள்வி கேட்டே என்னைத் திணறடிக்கும் ஒரு பெண் குடம் நிறையக் கொண்டுவந்தாள். தலையில் வேப்பிலைக் கிரீடம் வைத்தேன். அவளே குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் மூன்றாவது ஓட்டைத் தாண்டுவதற்குள் அவள் அம்மா வந்துவிட்டார். விடிகாலையிலிருந்து அடிபம்பு வரிசையில் நின்று பிடித்தது. அன்றைக்கு அந்த வீட்டில் இருந்ததே அந்த ஒரு குடம்தான். மகள் முதுகில் இரண்டு வைத்து இழுத்துக்கொண்டு போனார். கிரீடம் வாசலில் விழுந்து கிடந்தது.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. சைக்கிள் கேரியரில் ஒரு குடம் தண்ணீரைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். வழியிலேயே பாதி சிந்திவிட்டது. அதிலும் எனக்குத் தேர்ச்சி இல்லை. அந்த அம்மா மீதியை அண்டாவில் ஊற்றிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

“தண்ணிய மண்ணுல ஊத்தத்தான் கத்துக்குடுக்கறீங்கன்னா, அவ வூட்டுக்கே தண்ணி சொமக்கட்டுங்க சார்.”

கெஞ்சினேன். தலைமையாசிரியரையும் அனுப்பினேன். பலிக்கவில்லை. பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்தது என் கைதான். இன்றும் எங்காவது குழாய் ஒழுகினால் அந்தச் சிவப்புக் கோடுதான் கண்ணில் நிற்கிறது.

பரீட்சை நேரத்தில் ஒருநாள் அடிபம்பு வரிசையில் அவள் நின்றாள், இடுப்பில் அதே குடம். தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை மிதித்தேன். அவளே கூப்பிட்டாள்.

“சார், அன்னிக்கு நான் ஊத்துன தண்ணி ரோமாபுரிக்குப் போய்ச் சேந்துச்சுங்களா?”

நான்காவது ஓட்டிலேயே மொத்தமும் ஒழுகி மண்ணோடு போனதைச் சொல்ல வாய் வரவில்லை. சேர்ந்தது என்றேன்.

குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“சேந்திருக்காதுங்க சார். ஓட்டுச் சந்துல சேறு வச்சு அடைக்க நீங்க சொல்லவே இல்லீங்களே.”